தேவாங்கின் வயிற்றில் பூச்சி இருக்குமா? இரவாடி முதனிகளின் குடற்புழுக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல், கரூர் மாவட்ட முள்காடுகளில் தேவாங்கைத் தேடி இரவு நடை போகும்போது கூட வருகிறவர்கள் முதலில் அதன் கண்ணைப் பற்றிக் கேட்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சு வயிற்றுக்கு வந்துவிடும். என்ன தின்கிறது, நோய் வருமா, நம் பிள்ளைகளுக்கு வருவது போல அதற்கும் வயிற்றில் பூச்சி உண்டா என்று கேள்விகள் வரிசையாக வரும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பேச்சு தேவாங்கைப் பற்றித்தான் என்றாலும் மடகாஸ்கரின் எலி லெமூர், தென்கிழக்காசியாவின் ஸ்லோ லோரிஸ், ஆப்பிரிக்காவின் கலாகோ ஆகியவையும் இடையிடையே வரும். குரங்கும் மனிதனும் சேர்ந்த முதனி வரிசையில் இவை எல்லாம் நமக்குத் தூரத்து உறவு, இரவில் மட்டும் நடமாடும் உறவு.

"தேவாங்கு மாதிரி இருக்கான்" என்று ஒல்லியானவர்களைச் சொல்கிறோமே. தேவாங்கு அப்படி இருப்பது வயிற்றில் பூச்சி இருப்பதாலா?

இல்லை, அதன் உடல்வாகே அப்படி. நம் பகுதியில் வாழும் சாம்பல் தேவாங்கு வளர்ந்த பிறகும் ஏறக்குறைய 250 முதல் 300 கிராம்தான் இருக்கும். அது குரங்கைப் போலத் தாவாது. ஒரு கிளையை விடாமல் பிடித்துக்கொண்டே அடுத்த கிளையை எட்டிப் பிடிக்கும். அந்த நடைக்குக் குச்சி போன்ற நீளமான கை, கால்கள் வேண்டும்.

பிள்ளை இளைத்தால், தூக்கத்தில் பல்லைக் கடித்தால் "வயித்துல பூச்சி இருக்கும்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் கண்ணோடு தேவாங்கைப் பார்த்தால் எல்லாத் தேவாங்கும் நோயாளியாகத்தான் தெரியும். உண்மையிலேயே நலமில்லாத தேவாங்கின் பிடி தளர்ந்திருக்கும், கண் சோர்ந்திருக்கும், பின்புற முடி ஈரமாகி அழுக்கேறியிருக்கும். பட்டப்பகலில் தரையில் உட்கார்ந்திருந்தால் அதுவும் நல்ல அறிகுறி இல்லை.

காட்டு விலங்குக்கும் குடற்புழு உண்டா?

உண்டு. குடலில் எந்த விருந்தாளியும் இல்லாத காட்டு விலங்கைக் காண்பது அரிது. இந்த விருந்தாளிகளில் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள் ஒரு வகை: அமீபா, ஜியார்டியா, காக்சிடியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்றவை. இன்னொரு வகை புழுக்கள்: உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கீரிப்பூச்சி, நாடாப்புழு. இவற்றோடு முள்தலைப் புழு என்றும் ஒன்று இருக்கிறது. அதற்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. தலையிலுள்ள கொக்கிகளை விலங்கின் குடல் சுவரில் மாட்டிக்கொண்டு, சுற்றியிருக்கும் சத்தைத் தோலாலேயே உறிஞ்சிக்கொள்ளும்.

பெரும்பாலும் மரத்திலேயே வாழும் உயிருக்குப் புழு எப்படி வருகிறது?

நான் மிகவும் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வி இது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புழு வருவது பெரும்பாலும் மண் வழியாக. முட்டை மண்ணில் கிடக்கிறது, கை வழியாக வாய்க்குப் போகிறது. கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்தே உள்ளே போய்விடும். தேவாங்குக்கு இந்த வழி குறுகலானது. கிளையும் கொடியும் தொடர்ந்து இருக்கும் வரை அது மண்ணைத் தொடாது. மரங்களுக்கு நடுவில் இடைவெளி விழுந்தால்தான் இறங்கி ஓடிக் கடக்கும். அந்தச் சில அடிகளில் எதையாவது ஒட்டிக்கொண்டு வர வாய்ப்பு உண்டு, ஆனால் குறைவு.

தேவாங்குக்குப் பெரிய வாசல் அதன் சாப்பாடுதான். திண்டுக்கல் பகுதித் தேவாங்குகள் என்ன தின்கின்றன என்று இரவிரவாகப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். அவற்றின் உணவில் 96 சதவீதம் பூச்சி முதலான சிற்றுயிர்கள். அதிலும் எறும்பும் கரையானும்தான் அதிகம். மீதி கொஞ்சம் மரப்பிசின்.

இப்போது இந்தச் சுற்றைப் பாருங்கள். புழுவின் முட்டை ஏதோ ஒரு விலங்கின் எச்சத்தோடு வெளியே வருகிறது. அந்த எச்சத்தை வண்டோ கரப்பானோ எறும்போ தின்கிறது. முட்டை அந்தப் பூச்சியின் உடலுக்குள் பொரிந்து, இளம்புழுவாகி, உறை கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. இரவில் தேவாங்கு அந்தப் பூச்சியைப் பிடித்து மெல்கிறது. புழு வீடு வந்து சேர்ந்துவிட்டது. நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு இது புதிதில்லை. எறும்பைக் கொத்தித் தின்னும் கோழிக்கு நாடாப்புழு வருவது இதே வழியில்தான்.

இரவாடி முதனிகளில் பல பூச்சியையே நம்பி வாழ்பவை என்பதால் பூச்சிவழிப் புழுக்கள் அவற்றிடம் அடிக்கடி தென்படும். ஸ்லோ லோரிஸின் பெயரையே தாங்கிய டெரிகோடெர்மடைடிஸ் நிக்டிசெபி என்ற உருண்டைப்புழு கரப்பான் வழியாகப் பரவும். கலாகோக்களிடம் காணப்படும் சுபுலூரா வகைப் புழுக்களும் பூச்சி வழியாகவே வருபவை. ஹைமனோலெபிஸ் என்ற நாடாப்புழு வண்டு, தெள்ளுப்பூச்சி வழியாக வருகிறது. பெர்டியல்லா என்ற நாடாப்புழு, இலையிலும் மண்ணிலும் திரியும் பொடிப்பொடியான உண்ணி வகைச் சிற்றுயிர்களில் ஒளிந்து வரும். பூச்சி தின்பதை நிறுத்தினால் தேவாங்கு பட்டினிதான். ஆகவே இந்த வாசலை அதனால் அடைக்கவே முடியாது.

பகலில் நான்கைந்து தேவாங்குகள் உருண்டை போலக் கட்டிக்கொண்டு தூங்குமே. அப்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாதா?

பரவும். அப்படிப் பரவுவதற்கென்றே பிறந்தது போல ஒரு புழு இருக்கிறது, கீரிப்பூச்சி. இதற்கு நடுவில் வண்டும் தேவையில்லை, மண்ணும் தேவையில்லை. மனிதக் கீரிப்பூச்சியின் பெண் புழு நாம் தூங்கும் நேரத்தில் வெளியே வந்து ஆசனவாய் ஓரத்தில் முட்டையிடும், பிள்ளைக்கு அரிக்கும். சொறிந்த கை வாய்க்குப் போனதும் சுற்று முடிந்தது. தேவாங்குகள் ஒன்றையொன்று நக்கியும், கீழ்வரிசை முன்பற்களைச் சீப்பாக்கி வாரியும் சுத்தம் செய்துகொள்பவை. உடம்போடு உடம்பு ஒட்டித் தூங்குபவை. இப்படிப்பட்ட குடும்ப வாழ்க்கையில் இந்த வகைப் புழுவுக்குச் சிரமமே இருக்காது.

கீரிப்பூச்சியில் என்னை வியக்க வைப்பது வேறொன்று. மனிதனும் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளும் சுமப்பது எண்டரோபியஸ் இனம். தென் அமெரிக்கக் குரங்குகள் சுமப்பது ட்ரைபனாக்ஸியூரிஸ். மடகாஸ்கரின் லெமூர்கள் சுமப்பது லெமூரிகோலா. ஸ்லோ லோரிஸின் கீரிப்பூச்சியையும் இந்த லெமூரிகோலா பக்கத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். நடுவில் ஒரு கடலே இருக்கிறது. ஆனாலும் லெமூரும் லோரிஸும் ஒரே கிளையில் பிறந்தவை என்பதைப் புழுவும் சொல்கிறது. முதனிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் பிரியப் பிரிய, குடலுக்குள் இருந்த புழுவும் கூடவே பிரிந்து வந்திருக்கிறது.

இரவில் நடமாடுவதால் புழுத்தொல்லை கூடுமா, குறையுமா?

இரண்டு பக்கமும் இழுக்கும். வெயிலும் வறட்சியும் புழு முட்டைக்கும் இளம்புழுவுக்கும் எதிரி. இரவின் ஈரமும் பனியும் அவற்றுக்கு நல்லது, அந்த நேரத்தில்தான் தேவாங்கும் வெளியே வருகிறது. ஆனால் அது பகலில் படுப்பது கள்ளியும் முள்ளும் பின்னிய, காற்றும் வெளிச்சமும் புகும் புதரில். மரப்பொந்தில் உறங்கும் எலி லெமூரின் பழைய படுக்கை போல அங்கே அசுத்தம் அவ்வளவாகத் தேங்காது. அய்யலூர், கடவூர்ப் பக்கம் ஆண்டின் பெரும்பகுதி வறட்சிதான். வடகிழக்குப் பருவமழை விழும் ஐப்பசி, கார்த்திகையில் மண்ணும் நனைந்து பூச்சிகளும் பெருகும். குடற்புழுக் கணக்கு எடுப்பவர்கள் அந்த மாதங்களையும் கோடையையும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும்.

புழு இருந்தாலே நோய்தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நீண்ட காலம் கூடவே வாழ்ந்த புழு தன் வீட்டை இடிக்காது. வீடு விழுந்தால் அதுவும் போய்விடும். பெரும்பாலான விலங்குகளில் கொஞ்சம் புழு இருக்கும், சிலவற்றில் மட்டும் மிக அதிகமாக இருக்கும். ஏறக்குறைய எல்லாக் காட்டு விலங்குக் கூட்டங்களிலும் புழுக்கள் இப்படித்தான் பங்கிடப்பட்டிருக்கின்றன. பிறவியிலேயே வரும் எதிர்ப்புச் சக்தியும் இதற்கு ஒரு காரணம். மடகாஸ்கரின் தென்கிழக்கில் மண்டேனா கடலோரக் காட்டின் சாம்பல் எலி லெமூர்களை ஆராய்ந்து 2005-ல் ஒரு ஆய்வு வெளியானது. நோய் எதிர்ப்புக்கான மரபணுவின் சில வடிவங்கள் புழு உள்ள லெமூர்களோடும், வேறு சில வடிவங்கள் புழு இல்லாத லெமூர்களோடும் சேர்ந்து வருவதை அதில் காட்டினார்கள். வெறும் 60 கிராம் உடம்புக்குள் இத்தனை கணக்கு இருக்கிறது.

எப்போது இந்தச் சமநிலை கெடுகிறது? பட்டினி, பயம், கூட்ட நெரிசல், கூண்டு. இதில் கூண்டுதான் மிக மோசம். காட்டில் தன் எச்சத்தை விட்டுத் தள்ளிப் போய்விடும் விலங்கு, கூண்டில் அதன் மேலேயே வாழ வேண்டியிருக்கிறது. தரையில் கரப்பான் வேறு. மேலே சொன்ன ஸ்லோ லோரிஸின் உருண்டைப்புழு, அமெரிக்க விலங்குக் காட்சிசாலைகளில் தங்கச் சிங்கத் தாமரின் என்ற சிறு குரங்குகளுக்குக் கரப்பான் மூலம் பரவி, சாவு வரைக்கும் கொண்டுபோய்விட்டிருக்கிறது. அந்தத் தாமரின்கள் பிரேசில் காட்டைச் சேர்ந்தவை. அந்த ஆசியப் புழுவை அவற்றின் உடம்பு முன்பின் பார்த்ததில்லை.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பிடித்து அறுத்துப் பார்ப்பார்களா?

வேண்டவே வேண்டாம், எச்சம் போதும். டார்ச்சின் முகத்தில் சிவப்பு செலோபேன் தாளைக் கட்டிக்கொண்டு தேவாங்கின் பின்னாலேயே மெதுவாகப் போக வேண்டும். சிவப்பு ஒளி அதன் கண்ணை அவ்வளவாக உறுத்தாது. எச்சம் விழும் சத்தம் சில நேரம் காதில் விழும், பெரும்பாலும் விழாது. கீழே முள்ளும் சருகும். சுண்டுவிரல் நகம் அளவுள்ள, வண்டோட்டுத் துணுக்குகள் மின்னும் அந்தச் சின்னத் துண்டைத் தேடி மண்டியிட்ட இரவுகளை நான் மறக்க மாட்டேன். உடனே எடுக்க வேண்டும். தாமதித்தால் எறும்பும் சாணவண்டும் வந்துவிடும், மண்ணில் சுதந்திரமாக வாழும் புழுக்கள் உள்ளே ஏறிவிடும். அப்புறம் எது யாருடைய புழு என்று பிரிக்க முடியாது.

எடுத்ததை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 10 சதவீத ஃபார்மலினில் போடுவார்கள். முட்டையின் வடிவம் அதில் கெடாது. இன்னொரு பாதி ஆல்கஹாலுக்குப் போகும், அது டிஎன்ஏ ஆய்வுக்கு. ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

ஆய்வகத்தில் நடப்பது நம் விவசாயிகள் விதைநெல் தேர்ந்தெடுக்கும் அதே வேலை. கோழிமுட்டை மிதக்கும் வரை தண்ணீரில் உப்பைக் கரைத்து, நெல்லைக் கொட்டினால் பதர் மேலே வரும், மணி கீழே நிற்கும். இங்கே எச்சத்தைக் கரைத்து, தண்ணீரைவிட 1.2 மடங்கு கனமான நிறை உப்புக் கரைசலில் விட்டால் பல புழுக்களின் முட்டைகள் மேலே மிதந்து வரும். வயலில் மிதப்பதை வழித்து எறிவோம். இங்கே மிதப்பதைத்தான் கண்ணாடித் தகட்டில் எடுத்து மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைக்கிறோம். கனமான முட்டைகள் மிதக்காது. அவற்றுக்குக் கரைசலை நிற்கவைத்து அடி வண்டலைப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை வேண்டுமென்றால் மெக்மாஸ்டர் தகடு என்று கட்டம் போட்ட ஒன்று உண்டு. ஆடு மாடுகளுக்காக வந்த முறை, வழக்கமாக 4 கிராம் எச்சம் கேட்கும். தேவாங்கிடமும் எலி லெமூரிடமும் ஒரு தடவைக்கு அவ்வளவு எங்கே கிடைக்கும்? எடையைக் குறைத்து, அதற்கேற்பக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

முட்டையைப் பார்த்ததும் இன்ன புழு என்று சொல்லிவிடலாமா?

சிலவற்றைச் சொல்லலாம். சாட்டைப்புழுவின் முட்டை இரண்டு முனையிலும் தக்கை வைத்த சின்னப் பீப்பாய் மாதிரி இருக்கும், ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஹைமனோலெபிஸ் முட்டைக்குள் ஆறு குட்டிக் கொக்கிகள் தெரியும். கொக்கிப்புழுவையும் அதன் உறவுக்காரப் புழுக்களையும் முட்டையை மட்டும் வைத்துப் பிரிப்பது ஏமாற்று வேலை, எல்லாம் ஒரே அச்சு. இளம்புழுவாக வளர்த்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் டிஎன்ஏ பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தேவாங்கு தின்ற வண்டுக்கும் வயிறு உண்டு, அதற்குள்ளும் ஒட்டுண்ணிகள் உண்டு. வண்டு செரித்துப் போகும், அதன் ஒட்டுண்ணியின் உறை செரிக்காமல் தேவாங்கின் எச்சத்தில் வந்து நிற்கும். பூச்சிமேல் இருந்த சிலந்திப்பேன்களின் முட்டைகளும் அப்படியே வரும். அவை புழு முட்டையைவிடப் பெரியவை, ஆனால் பழகாத கண்ணுக்குப் புழு முட்டையாகவே தோன்றும். மகரந்தமும் தன் பங்குக்கு ஏமாற்றும். பூச்சி தின்னும் விலங்கின் எச்சத்தைப் படிக்கும் எவரும், பார்ப்பது விலங்கின் விருந்தாளியா, விருந்தின் விருந்தாளியா என்று ஒவ்வொரு தகட்டிலும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதிய பட்டியலை நான் நம்புவதில்லை.

எச்சத்தில் முட்டை இல்லை என்றால் புழு இல்லை என்று அர்த்தமா?

இல்லை. ஆண் புழுவும் வளராத புழுவும் முட்டையிடாது. வளர்ந்த பெண் புழுவும் எல்லா நாளும் ஒரே அளவில் இடாது. கீரிப்பூச்சி முட்டை எச்சத்தோடு வராமல் வெளிமுடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே தேவாங்கின் எச்சத்தைப் பல நாள் பார்த்தால்தான் பேசலாம். அதேபோல முட்டை நிறைய இருந்தால் புழுவும் அதே அளவு இருக்கிறது என்றும் கணக்குப் போடக்கூடாது.

நம் ஆடு, மாடு, நாய்களிடமிருந்து அதற்குத் தொற்றுமா?

எனக்கு உண்மையான கவலை இங்கேதான். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. ஆனாலும் தேவாங்கு சரணாலய எல்லைக்குள் மட்டும் வாழ்வதில்லை. தோட்டத்து வேலியில், கிளுவையில், ஊரோரக் கருவேலத்தில் வாழ்கிறது. அதே வேலியோரத்தில்தான் நாம் குப்பை கொட்டுகிறோம், நாய் திரிகிறது, ஆடு மேய்கிறது, சில இடங்களில் மனிதர்களும் ஒதுங்குகிறார்கள். ஜியார்டியாவிலும் கிரிப்டோஸ்போரிடியத்திலும் சில வகைகள் ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குத் தாவக்கூடியவை. குப்பை இருந்தால் கரப்பான் பெருகும். கரப்பான் எந்தெந்தப் புழுவுக்கு வண்டி என்று மேலே பார்த்தோம்.

மரத்தொடர் அறுந்தால் தேவாங்கு தரையில் இறங்கியாக வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சாலைக்காக நான்கு மரத்தை வெட்டும்போது வண்டியில் அடிபடும் ஆபத்து எல்லோருக்கும் தெரிகிறது. நாய் எச்சமும் ஆட்டுப் புழுக்கையும் கிடக்கும் மண்ணில் அதை நடக்க வைக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

சரி, வாழைப்பழத்தில் குடற்புழு மாத்திரை வைத்துக் காட்டில் போட்டால் என்ன?

நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள். தேவாங்கு அந்தப் பழத்தைத் தேடி வரப்போவதில்லை, வேறு விலங்கு தின்னும். 250 கிராம் உடம்புக்கு மருந்தின் அளவு துளியிலும் துளி, கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. புழுவைக் கொன்றாலும் அடுத்த இரவே பூச்சி வழியாகப் புதுப்புழு வந்துவிடும். அரைகுறையாகக் கிடைக்கும் மருந்து, மருந்துக்கு அடங்காத புழுவைத்தான் வளர்க்கும். தேவாங்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதனிடம் இப்படிக் கைவைப்பது சட்டத்துக்கும் விரோதம்.

மருந்தைப் பற்றி இன்னொன்று. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் சாணத்தோடு வெளியே வந்து சாணவண்டுகளையும் ஈப்புழுக்களையும் கொல்லும். தேவாங்கு வாழும் காட்டோரத்தில் மாடு மேய்ப்பவர்கள், கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டும், சொன்ன அளவில் மட்டும் அதைப் போடுவது நல்லது. வண்டு குறைந்தால் இரவில் பசியோடு வரும் தேவாங்குக்கு இரையும் குறையும்.

மீட்கப்பட்ட தேவாங்குக்கு மட்டும் ஏன் மருந்து கொடுக்கிறார்கள்?

அது மனிதர்களோடு, கூண்டில், வேறு விலங்குகளோடு இருந்து வந்தது. அங்கே வாங்கிய புதுப்புழுவைக் காட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது. ஆகவே தனியாக வைத்து, எச்சத்தைப் பலமுறை சோதித்து, தேவைப்பட்டால் மட்டும் எடைபோட்டு மருந்து கொடுத்து, மறுபடி சோதித்த பிறகு விட வேண்டும். வைத்திருக்கும் இடத்தில் கரப்பான் இருந்தால் மருந்து கொடுத்ததே வீண். இந்தோனேசியாவில் சந்தையில் பிடிபடும் ஸ்லோ லோரிஸ்களைக் காட்டுக்குத் திருப்பும் வேலையிலும் இந்தத் தனிமைக் காலம் முக்கியமான கட்டம்.

தேவாங்கைத் தொட்டால் எனக்குப் புழு வருமா?

தொட்டதும் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம். எச்சமோ அதன் முடியோ பட்ட கையோடு சாப்பிட்டால்தான் ஆபத்து. தேவாங்கு தன் சிறுநீரைக் கையிலும் காலிலும் பூசிக்கொள்ளும் பழக்கமுள்ளது என்பதையும் நினைவில் வையுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

ஆனால் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. இரவில் சாலையில் குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி, முகப்பு விளக்கைத் தணித்து, அது வேலியைப் பிடித்து ஏறும் வரை பொறுத்திருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. அடிபட்டுக் கிடந்தால் பருத்தித் துணியால் மூடி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, பாலோ பழமோ கொடுக்காமல் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். பெட்டிக்குள் எச்சம் போட்டிருந்தால் அதைத் துடைத்து எறிந்துவிடாமல் பெட்டியோடு அப்படியே ஒப்படையுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.